ஐப்பசியில் மண் சூட்டை அளப்பது நமக்கு எதற்கு?

தாராபுரம் பக்கம் எட்டு ஏக்கர் பண்ணையம் பார்க்கும் தம்பி ஒருவர் கேட்டது இது: "எனக்கு நாலு ஏக்கர் கரிசல், நாலு ஏக்கர் செம்மண். அமெரிக்காவுல இலையுதிர் காலத்துல மண்ணோட வெப்பநிலைய அளந்து, அது 50 டிகிரிக்குக் கீழ போனதுக்கப்புறந்தான் உரம் போடறாங்கன்னு ஒரு வீடியோவுல பார்த்தனுங்க. நம்ம ஊருக்கு இது ஆகுமாங்க? ஆகும்னா என்ன கருவி வாங்கறது, எவ்வளவு ஆழத்துல, எந்த நேரத்துல பார்க்கறது? புரட்டாசி ஐப்பசியில இத வெச்சு என்ன முடிவு எடுக்கலாம்?"

தம்பி, ஆகுங்க. ஆனால் அவர்கள் பார்க்கிற காரணம் வேறு, நாம் பார்க்க வேண்டிய காரணம் வேறு. முதலில் அவர்கள் கதையைச் சொல்லிவிடுகிறேன். அந்த 50 டிகிரி என்பது பாரன்ஹீட், நம் கணக்கில் 10 டிகிரி செல்சியஸ். அயோவா, இல்லினாய் போன்ற மக்காச்சோள மாநிலங்களில் அறுவடை முடிந்ததும், அடுத்த வசந்தத்தில் விதைக்கப்போகும் பயிருக்கு இப்போதே அம்மோனியாவை மண்ணுக்குள் செலுத்துகிறார்கள். அம்மோனியம் வடிவில் இருக்கும் தழைச்சத்து களிமண் துகளோடு ஒட்டிக்கொள்ளும். மண் சூடாக இருந்தால் பாக்டீரியாக்கள் அதை நைட்ரேட்டாக மாற்றிவிடும்; நைட்ரேட் தண்ணீரோடு கீழே ஓடிவிடும். 4 அங்குல ஆழத்தில் மண் 10 டிகிரிக்கு இறங்கி, மேலும் இறங்கிக்கொண்டே போனால் அந்தப் பாக்டீரியாக்களின் வேலை மிகவும் மந்தமாகிவிடும். போட்ட உரம் பனிக்காலம் முழுவதும் பத்திரமாகக் கிடக்கும். இதற்காகவே அயோவா மாநிலப் பல்கலைக்கழகம் கவுன்ட்டி (நம் மாவட்டம் மாதிரி) வாரியாக மண் வெப்பநிலையை வரைபடமாகப் போடுகிறது.

நம் காட்டில் மார்கழி விடியற்காலையில்கூட மண் 10 டிகிரிக்கு இறங்காது. அதனால் அந்த விதியை இங்கே கொண்டுவந்து ஒட்ட முடியாது. இன்னொன்று, நமக்கு இலையுதிர் காலம் என்று ஒன்று கிடையாது. ஐப்பசியும் கார்த்திகையும் நம் ஆறு பருவக் கணக்கில் கூதிர். அங்கே மண் குளிர்ந்து உறங்கப்போகும் நேரத்தில் இங்கே மானாவாரிக்கு உயிர் வருகிறது. நமக்கு வேண்டிய கேள்வி ஒன்றுதான்: கோடையிலும் ஆடிக் காற்றிலும் காய்ந்து கிடந்த மண், விதை கிடக்கும் ஆழத்தில் எப்போது விதை தாங்கும் அளவுக்குச் சூடு தணிகிறது?

புரட்டாசியைப் பற்றி "பொன்னுருகக் காயும், மண்ணுருகப் பெய்யும்" என்று சும்மா சொல்லவில்லை. நாம் இருப்பது ஏறக்குறைய 11 டிகிரி வடக்கு அட்சரேகை. ஆகஸ்ட் கடைசி வாரத்தில் சூரியன் நம் உச்சந்தலைக்கு நேராக வந்து தெற்கே நகர்கிறது. புரட்டாசி பிறந்த பிறகும் உச்சியை விட்டு அதிகம் விலகியிருக்காது. ஆனி, ஆடி, ஆவணியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வந்து வீசிக்கொண்டிருந்த காற்று அப்போது ஓய்ந்துவிடுகிறது. மேகமும் குறைவு. காற்றுமில்லாமல், வெயிலும் நேராக இறங்கினால், வெற்று மண் கொதிக்காமல் என்ன செய்யும்? என் கரிசலில், மழைக்கு முந்தின புரட்டாசி மதியம், 5 செ.மீ. ஆழத்தில் 40 டிகிரியைத் தாண்டி அளந்திருக்கிறேன். அன்றைக்குக் காற்றின் வெப்பநிலை 33தான். வானிலைச் செய்தியில் சொல்லும் டிகிரி நம் தலைக்கு. விதைக்கு வேறு கணக்கு.

நான் தெர்மாமீட்டரைக் கையில் எடுத்ததற்கு ஒரு காரணம் உண்டு. குடிமங்கலம் பக்கம் எங்கள் காட்டில் ஒரு வருஷம் புரட்டாசி பாதியிலேயே நல்ல மழை, இரண்டு உழவு மழை இருக்கும். மறுநாளே கொண்டைக்கடலையைப் போட்டுவிட்டேன். ஆடியில் போட்டிருந்த தட்டுச் சோளத்தின் கட்டைகளையும் அப்படியே மடக்கி உழுதிருந்தேன். முளைப்பு அழகாக வந்தது. பதினைந்தாம் நாளிலிருந்து இளஞ்செடிகள் ஒவ்வொன்றாக மஞ்சளாகிச் சாயத் தொடங்கின. பிடுங்கிப் பார்த்தால் மண்ணை ஒட்டிய தண்டில் வெள்ளை நூல் மாதிரி பூசணம். அதில் கடுகு கடுகாக உருண்டைகள். கழுத்தழுகல். மூன்றில் ஒரு பங்குச் செடி போனது. தீபாவளி கழித்து விதைத்த பக்கத்துக் காட்டு அண்ணன் தோட்டத்தில் ஒரு இடைவெளிகூட இல்லை. ஒரே மண், ஒரே ரக விதை. அந்தப் பூசணம் ஸ்கிளரோஷியம். அதற்கு மூன்று வேண்டும்: 25 முதல் 30 டிகிரிச் சூடு, ஈரம், மக்காத கட்டை. மூன்றையும் நானே தட்டில் வைத்துக் கொடுத்திருக்கிறேன். எங்கள் அப்பாரு இருந்தவரை விதைக்கும் முன்னால் மத்தியானத்தில் வெறுங்காலோடு காட்டில் நடந்து பார்ப்பார். "காலு சுட்டா கடலைக்கு இன்னும் நாளாவல" என்பார். அவர் காலால் அளந்ததை நான் கம்பியால் அளக்கிறேன்.

இப்போது உங்கள் கரிசலில் கொண்டைக்கடலை விதைக்க நான் சொல்லும் விதி. இது புத்தக விதி அல்ல. பதினோரு வருஷம் நோட்டில் எழுதி நானே வைத்துக்கொண்டது. ஐப்பசியில் மழை பிடித்த பிறகு, மதியம் இரண்டரை மணிக்கு 5 செ.மீ. ஆழத்தில் மூன்று நாள் தொடர்ந்து 32க்குக் கீழே இருக்க வேண்டும். அதே நாட்களில் காலையில் 10 செ.மீ. ஆழத்தில் 25ஐ ஒட்டி வந்திருக்க வேண்டும். அதோடு விதை விழும் ஆழத்து மண்ணைக் கையில் பிடித்தால் உருண்டையாக நிற்கவும் வேண்டும், கீழே போட்டால் உதிரவும் வேண்டும். இந்த மூன்றும் சேரும் நாள் பெரும்பாலும் ஐப்பசிக் கடைசியிலிருந்து கார்த்திகை முதல் பாதிக்குள் வந்துவிடுகிறது. மழை சீக்கிரம் பிடித்த வருஷம் பத்து நாள் முன்னால் வரும். வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் 20 வாக்கில் தொடங்கும் என்பதை வைத்துக் கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

இதைப் படித்துவிட்டு மண் இன்னும் குளிரட்டும் என்று கார்த்திகைக் கடைசி வரை உட்கார்ந்துவிடாதீர்கள். கொண்டைக்கடலைக்கு இரண்டு பக்கமும் கத்தி. முந்தினால் கழுத்தழுகல். பிந்தினால் பூப்பூத்துக் காய் பிடிக்கும் நேரத்தில் ஈரம் வற்றி, மாசி வெயிலில் மண் 30, 35 என்று ஏற, உலர் வேரழுகல் வரும். கரிசலில் தேங்கிய ஈரத்தை நம்பித்தான் அந்தப் பயிர் முழுக்க ஓடுகிறது. அதனால் தெர்மாமீட்டர் காட்டும் நாள் வந்தால் அன்றைக்கே விதை. கிலோவுக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா கலந்து விதைப்பதை விட்டுவிடாதீர்கள். அந்த நல்ல பூசணமும் 25 முதல் 30 டிகிரிக்குள்தான் நன்றாக வளர்கிறது. ஈரமில்லாத கொதி மண்ணில் போட்டால் அதுவும் செத்துப்போகும்.

செம்மண் வேறு மாதிரி நடக்கும். பொங்கலூர் பக்கம் என் மச்சானுடைய தோட்டம் செம்மண். அவரும் என்னோடு சேர்ந்து அளக்கிறார், அதனால் தைரியமாகச் சொல்கிறேன். தண்ணீரைச் சூடாக்க, அதே எடை காய்ந்த மண்ணைச் சூடாக்குவதைவிட ஏறக்குறைய ஐந்து மடங்கு வெப்பம் வேண்டும். கரிசல் மழைத் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்வதால், நிறம் கறுப்பாக இருந்தாலும் மெதுவாகத்தான் சூடேறும், மெதுவாகத்தான் ஆறும். செம்மண்ணில் மூன்று நாள் வெயில் அடித்தால் மேல்மண் காய்ந்து மதியச் சூடு மறுபடியும் பழைய இடத்துக்கே போய்விடும். ஒரே மழைக்கு அவர் எண்ணும் என் எண்ணும் நாலாம் நாளில் ஐந்தாறு டிகிரி விலகி நிற்பதைப் பார்த்திருக்கிறேன். உங்களுக்கு இரண்டு மண்ணும் இருப்பதால் இரண்டு இடத்திலும் தனித்தனியாக அளக்க வேண்டும். கரிசல் எண்ணை வைத்துச் செம்மண்ணில் முடிவெடுக்காதீர்கள்.

கருவி. வானிலை நிலையங்களில் வளைந்த தண்டுள்ள கண்ணாடி வெப்பமானிகளை 5, 10, 20 செ.மீ. ஆழங்களில் நிரந்தரமாகப் பதித்திருப்பார்கள். கோவை வேளாண் பல்கலைக்கழகத்தில் படித்தபோது காலை 7.22க்கும் மதியம் 2.22க்கும் போய் எழுதுவோம். அது என்ன 22 நிமிஷம் என்று கேட்டால், அந்த இடத்துச் சூரிய நேரப்படி 7 மணியும் 2 மணியும். கோவை 77 டிகிரி தீர்க்கரேகையில் இருப்பதால் இந்திய நேரத்துக்கும் நம் சூரிய நேரத்துக்கும் 22 நிமிஷம் வித்தியாசம். உங்களுக்கு அந்தக் கண்ணாடி வேண்டாம், மாட்டுக் குளம்பு பட்டால் போயிற்று. இரும்புக் கம்பி முனையுள்ள டிஜிட்டல் தெர்மாமீட்டர், சமையலில் குத்திப் பார்ப்பது, சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. கம்பி 12 செ.மீ.க்குக் குறையாமல் இருக்கட்டும். தூரத்திலிருந்து காட்டும் துப்பாக்கி மாதிரிக் கருவியை வாங்காதீர்கள். அது மண்ணின் மேல்தோலை மட்டும் அளக்கும். விதை அங்கே கிடக்கவில்லை. வீட்டில் எலெக்ட்ரானிக்ஸ் படிக்கும் பிள்ளைகள் இருந்தால், தண்ணீர் புகாத உறை போட்ட டிஎஸ்18பி20 என்ற சென்சாரை வாங்கி, மூன்று ஆழத்தில் புதைத்து, மணிக்கொரு தடவை தானாகப் பதியும்படி செய்து தருவார்கள். அரை டிகிரிக்குள் சரியாகக் காட்டும்.

எந்தக் கருவி வாங்கினாலும் முதலில் சோதியுங்கள். ஒரு டம்ளர் நிறைய நொறுக்கிய ஐஸ் போட்டு, கொஞ்சம் தண்ணீர் ஊற்றிக் கலக்கி, கம்பியை நடுவில் பிடித்தால் 0 காட்ட வேண்டும். ஒன்று கூடவோ குறையவோ காட்டினால் அதைக் கருவியின் மேலேயே எழுதி ஒட்டி, ஒவ்வொரு தடவையும் கூடுதலைக் கழித்து, குறைவைக் கூட்டிக்கொள்ளுங்கள். கொதிநீரில் சோதிப்பவர்கள் 100ஐ எதிர்பார்க்க வேண்டாம். கோயம்புத்தூர் 411 மீட்டர் உயரம், இங்கே தண்ணீர் 98.6 அளவிலேயே கொதித்துவிடும்.

அளக்கும்போது கம்பியைவிடக் கொஞ்சம் ஒல்லியான ஆணியால் முதலில் துளை போட்டு, பிறகு கம்பியை இறுக்கமாக இறக்குங்கள். மண்ணும் கம்பியும் ஒட்டியிருக்க வேண்டும். கரிசலில் வெடிப்பு இருந்தால் ஒரு சாண் தள்ளிப் போங்கள்; வெடிப்புக்குள் காற்று இறங்கி எண்ணைக் கெடுத்துவிடும். இரண்டு நிமிஷம் நிற்க விட்டு, கருவியின் தலையில் உங்கள் நிழல் விழும்படி நின்று படியுங்கள். ஒரு ஏக்கருக்கு மூன்று இடம் போதும், சராசரி எடுங்கள். வரப்போரம், சாளைச் சுவரோரம், தென்னை நிழல், சொட்டுநீர்த் துளைக்கு நேர் கீழே, இந்த இடங்கள் வேண்டாம்.

நேரத்தில்தான் நிறையப் பேர் தவறுகிறார்கள். சூடு மண்ணுக்குள் அலையாக இறங்குகிறது, மெதுவாக. மேல்மண் மதியம் ஒரு மணிக்கு உச்சத்தில் இருந்தால், 10 செ.மீ.க்கு அந்த உச்சம் நாலு மணி வாக்கில்தான் போய்ச் சேரும். 20 செ.மீ.க்குப் போகும்போது பொழுது இறங்கி விளக்கு வைத்திருப்போம். 30 செ.மீ.க்குக் கீழே பகலும் இரவும் ஏறக்குறைய ஒன்றுதான். அதனால் இன்றைக்குக் காலை பத்து மணி, நாளைக்கு மதியம் மூன்று மணி என்று கைக்கு வந்தபடி அளந்தால் அந்த எண்களை ஒன்றோடொன்று ஒப்பிட முடியாது. தினமும் காலை ஏழரை, மதியம் இரண்டரை, அவ்வளவுதான். ஒரு நேரம் மட்டும்தான் முடியும் என்றால், குளிர்ச்சியை அறிய காலை, விதைப்பை முடிவு செய்ய மதியம். ஆழமாகப் போகப் போக ஆண்டின் ஏற்ற இறக்கமும் அடங்கிவிடும். மார்கழி விடியலில் கிணற்றுத் தண்ணீர் வெதுவெதுவென்று இருப்பது அதனால்தான். தண்ணீர் சூடாகவில்லை, நம் உடம்பும் காற்றும்தான் குளிர்ந்திருக்கின்றன.

கடலையை விட்டு மற்ற பயிர்களுக்கு வருகிறேன். சின்ன வெங்காயம் உங்கள் செம்மண்ணுக்கு வருமென்று நினைக்கிறேன். அதன் அடித்தாள் அழுகலை உண்டாக்கும் ஃபியூசேரியம் பூசணம் 28 முதல் 32 டிகிரி மண்ணில்தான் துள்ளி வளர்கிறது. புரட்டாசிப் பாரில் அவசரமாக ஊன்றுவதைவிட, மதியச் சூடு 30ஐ ஒட்டி இறங்கிய பிறகு ஊன்றினால் காய் வேர்விடும் முதல் இரண்டு வாரம் தப்பிக்கும். விலையை நினைத்து முந்தத் தோன்றும், எனக்கும் புரிகிறது. முந்தியே ஆகவேண்டுமென்றால் கிழக்கு மேற்காகப் பார் பிடித்து வடபக்கச் சரிவில் ஊன்றுங்கள். சூரியன் தெற்கே சாய்ந்திருக்கும் மாதம், அந்தப் பக்கம் குளிர்ச்சி.

கொத்தமல்லிக்குச் சூடு அறவே ஆகாது. 30க்கு மேல் முளைப்பு அரைகுறைதான். கடலை போடும் நாளே அதற்கும் நாள். கொள்ளுக்கும் தட்டுச் சோளத்துக்கும் தெர்மாமீட்டரே வேண்டாம், ஈரமிருந்தால் போதும்.

ஈரோடு, கொடுமுடி, அந்தியூர்ப் பக்கத்து மஞ்சள்காரர்கள் இந்த அளவீட்டை வேறு விதமாகப் பயன்படுத்தலாம். வைகாசி, ஆனியில் ஊன்றிய மஞ்சள் ஐப்பசியில் கிழங்கு கட்டிக்கொண்டிருக்கும். தண்ணீர் தேங்கி, மண்ணும் 30 டிகிரியாக இருந்தால் கிழங்கழுகல் உண்டாக்கும் பித்தியம் பூசணத்துக்கு அதைவிட விருந்து இல்லை. அடைமழை விட்டு வெயில் சுள்ளென்று அடிக்கும் அந்த மூன்று நாலு நாள்தான் ஆபத்து. மழை பெய்யும்போதல்ல, விட்ட பிறகு 10 செ.மீ. சூட்டைப் பாருங்கள். ஏறத் தொடங்கினால் வடிகால் வாய்க்காலை அன்றைக்கே திறந்துவிட வேண்டும்.

மார்கழிப் பட்டத்து நிலக்கடலையில் மட்டும்தான் நமக்குக் குளிர் ஒரு பிரச்சினை. 18 டிகிரிக்குக் கீழே அதன் முளைப்பு மிகவும் மந்தம். நம் மண் அவ்வளவு இறங்குவது அரிது. ஆனால் தண்ணீர் விட்டு நனைந்த மண்ணில், பனி இறங்கும் காலையில், 5 செ.மீ.யில் 20ஐ ஒட்டி வரும். அப்போது முளைப்பு இரண்டு மூன்று நாள் தள்ளும், அதற்குள் எறும்பும் பூசணமும் பருப்பைத் தின்றுவிடும். காலைக்குப் பதில் உச்சிப்பொழுதில் தண்ணீர் விட்டால் மண் சீக்கிரம் ஆறாது.

இனி உங்கள் உரக் கேள்வி. நம் ஐப்பசி மண் 24 முதல் 32 டிகிரிக்குள் இருக்கிறது. நைட்ரேட் ஆக்கும் பாக்டீரியாவுக்கு அதுதான் சொர்க்கம். யூரியா போட்டால் சில நாளில் அம்மோனியம், இரண்டு மூன்று வாரத்தில் பெரும்பகுதி நைட்ரேட். அதன் மேல் கார்த்திகை மழை கொட்டினால் செம்மண்ணில் வேருக்குக் கீழே போய்விடும். 2015 முதல் உள்நாட்டு யூரியா முழுவதும் வேப்பெண்ணெய் பூசி வருகிறது. அந்த மாற்றத்தைக் கொஞ்சம் தாமதப்படுத்தும், நிறுத்தாது. எனவே அடியுரமாக மொத்தத் தழைச்சத்தையும் கொட்டாதீர்கள், பிரித்துப் போடுங்கள். அதைவிட மோசமான இழப்பு ஒன்று நம் மண்ணில் உண்டு. தாராபுரம், காங்கேயம் பக்கம் சுக்கான் (சுண்ணாம்புக் கல்) கலந்த மண், கார அமிலநிலை 8ஐத் தாண்டும். அந்த மண்ணில், சூடு 30க்கு மேல் இருக்கும்போது, பனியும் தூறலும் மட்டும் நனைத்த தரையில் யூரியாவை மேலாக வீசினால் தழைச்சத்து அம்மோனியாவாகக் காற்றில் போகும். மூக்கில் அடிக்கிற அந்த வாடை உங்கள் காசு. 12 மில்லிமீட்டர் அளவுக்காவது மழையோ தண்ணீரோ உடனே கிடைத்தால் உள்ளே இறங்கிவிடும். இல்லையென்றால் மண்ணுக்குள் மூடிப் போடுங்கள், அல்லது சாயங்காலம் சொட்டுநீரில் கரைத்து விடுங்கள்.

சொட்டுநீர் என்றதும் ஒன்று. வெயிலில் கிடக்கும் கறுப்புக் குழாய்க்குள் நிற்கும் தண்ணீர் மதியம் கை வைக்க முடியாத சூட்டில் இருக்கும். நாற்று நட்ட வாரத்தில் மதியம் மோட்டாரைப் போட்டால் முதலில் அந்தக் கொதிநீர்தான் செடிக்குப் போகும். கடைமூடியைத் திறந்து அதை வெளியேற்றிவிட்டுப் பிறகு மூடுங்கள். ஆயிரம் அடி போர்த் தண்ணீரும் சூடாகவே வரும், அது பூமிக்குள்ளிருக்கும் சூடு. தொட்டியில் ஒரு இரவு ஆறவிட்டுப் பாய்ச்சுங்கள்.

மூடாக்குப் போட்டால் இந்தக் கணக்கெல்லாம் மாறும். கரும்புச் சோகை, தென்னை மட்டை, சோளத்தட்டு எதுவானாலும் மதியச் சூட்டைக் குறைக்கும், இரவில் அதிகம் ஆறவிடாது. கறுப்பு பிளாஸ்டிக் தாள் மண் சூட்டை இரண்டு மூன்று டிகிரி ஏற்றும். ஐப்பசித் தக்காளிக்கு ஒரு பக்கம் கறுப்பும் மறுபக்கம் வெள்ளி நிறமும் உள்ள தாளை, வெள்ளி நிறப் பக்கம் மேலே வரும்படி விரியுங்கள். மூடாக்கு உள்ள இடத்தில் ஒரு அளவு, வெற்று மண்ணில் ஒரு அளவு எடுத்தால் வித்தியாசத்தை நீங்களே பார்ப்பீர்கள்.

செவ்வாயும் வெள்ளியும் வேளாண் வானிலை அறிவிக்கை வருகிறது. அதில் மழையையும் காற்றின் வெப்பநிலையையும் பார்த்து நோட்டில் உங்கள் மண் எண்ணுக்குப் பக்கத்தில் எழுதுங்கள். தேதி, காலை 5 மற்றும் 10, மதியம் 5 மற்றும் 10, மழை, மண் உருண்டை நின்றதா இல்லையா, இவ்வளவு போதும். 20 செ.மீ. முதல் வருஷம் வேண்டாம். புரட்டாசி முதல் தேதி தொடங்கி தை பிறக்கும்வரை எழுதுங்கள். விதைத்த நாளையும் முளைத்த நாளையும் செடி சாய்ந்த எண்ணிக்கையையும் அதே பக்கத்தில் குறியுங்கள். கரிசல் நாலு ஏக்கரில் அரை ஏக்கரை மட்டும் உங்கள் வழக்கமான தேதியில் விதைத்து, மீதியைத் தெர்மாமீட்டர் சொல்லும் நாளில் விதைத்துப் பாருங்கள். கார்த்திகை தீபம் கழித்து இரண்டு இடத்திலும் பத்தடிக்கு எத்தனை செடி நிற்கிறது என்று எண்ணி எனக்கு எழுதுங்கள். உங்கள் கரிசலுக்கு என் 32 சரியா, ஒன்றிரண்டு டிகிரி மாற்ற வேண்டுமா என்பதை அந்த எண்ணிக்கையை வைத்துச் சேர்ந்து பார்க்கலாம்.